மாப்ளையோட எதிர்ப்பாட்டு

வணக்கமுங்க. வெடியால ஆறரை மணிக்குப் பல்லுகூட வெளக்காம, போர்வைக்குள்ள இருந்தபடிக்கே போனத் தூக்கி மூஞ்சிக்கு நேராப் புடிச்சுட்டு எதுக்குக் காத்துட்டு இருக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க? நடிகருக கொரலுக்கா? அது போன வருசச் சரக்குங்க. கட்சித் தலைவருக இருமறதும் தும்மறதும் செஞ்சு காட்டுவேன்னா? இப்பத் தும்மினா வண்டி வெச்சுத் தூக்கீட்டுப் போயிருவாங்க, எனக்கு வேண்டாமுங்க அந்த வம்பு. நீங்க வந்தது குருவிக்கு. நான் ஒரு விசில் குடுப்பேன், அது திருப்பி ஒண்ணு குடுக்கும், ஆகா மனுசனும் பறவையும் பேசிக்கறாங்க பாருன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு, ஒறம்பரைக சொந்தக்காரங்க நாலு பேத்துக்கு அனுப்பிவிட்டுட்டு, அப்புறம் நிம்மதியாப் போய்க் காப்பி குடிப்பீங்க. அதானுங்களே? வரும். சித்த பொறுங்க. இப்படி ஆரம்பிச்சாச் சரியா இருக்கும். சித்த பொறுங்கன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள மூணு எண்ணோணும். ரெண்டுல எடுத்தாச் சிரிப்பு வாயிலயே நின்னுக்கும், நாலுக்குப் போனா சனம் பக்கத்துல இருக்கறவனப் பாக்க ஆரம்பிச்சிரும். முப்பது வருசமா இந்த மூணுலதான் எனக்குச் சோறு. ஆனா மூணு எண்ணி முடிச்சதுக்கப்புறம் குருவி வரோணுமே. நாலு நாளா அது வரல.

மணி இப்ப அஞ்சு அம்பது. பல்குரல் நாச்சிமுத்து, வயசு அம்பத்தொண்ணு, திருப்பூர்ல சொந்த வீட்டு மொட்டமாடில ஒரு பக்கெட்டக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டு இருக்கறான். துணி காயப்போடற கம்பில பூங்கொடி நேத்தே போனை ரப்பர்பேண்டு போட்டுக் கட்டி வெச்சுட்டா. பொண்டாட்டி கட்டினா எதும் அவுறாது, இருபத்தாறு வருசமாப் பாக்கறனே. ஆறரைக்கு லைவ். அவ போன மாசம் தண்ணித்தொட்டிக்குப் பொறத்தால ஒளிஞ்சு நின்னு எடுத்துவிட்ட வீடியோனால வந்த வெனை இது. அதுல ஒண்ணும் பெருசா இல்லீங்க. நான் மாடில நின்னு விசில் குடுக்கறேன், பக்கத்து வீட்டு ரங்கநாயகியோட டிஷ் ஆன்டெனா மேல உக்காந்து அது பதில் குடுக்குது. அவ்வளவுதான். அது மஸ்கட்டு வரைக்கும் போயிருச்சு. மனுசன வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினதும் இயற்கை எப்படித் திரும்பி வந்துச்சுன்னு பாருங்கன்னு ஆரோ ஒரு புண்ணியவான் அதுக்கு மேல எழுதி வெச்சான், எல்லாரும் ஆமாமான்னாங்க, நானும் ஆமாமான்னேன். கைதட்டற பக்கம் தலையாட்டறது எங்க தொழில்ல முதப் பாடம். காப்பித்தூள் டப்பாவ மறக்காமக் கொண்டுவந்தனா? ஆ, இங்கதான் இருக்குது. மூந்து பாத்துக்கலாம். வாசம் வருது. வருதா, இல்ல வரும்னு நெனச்சு வருதா? மறுக்கா ஒருதரம். வருது. வாசம் போனா கொரோனாங்கறாங்க, கொரோனா வந்தாத் தொண்டைதான் மொதல்ல போவும்ங்கறாங்க, எனக்கு இருக்கறதே அந்த மூணு அங்குலம். தறிக்காரனுக்குத் தறி போனா வேற தறி. எனக்கு? ஒரு நாளைக்குப் பதினோரு தடவ காப்பித்தூள மூந்து பாக்கறீங்களே மாமா, அதக் குடிச்சாலாவது பிரயோசனம்னு பூங்கொடி சொல்றா. அவ கொரல்ல அதைச் சொல்லிப் பாத்தேன், கச்சிதமா வந்துச்சு, கரண்டி பறந்து வந்துச்சு.

மாப்ள, வாடா. இன்னிக்கு ஒரு நா வந்துட்டுப் போ. மாப்ளன்னுதான் கூப்புடுவேன். குண்டுக்கரிச்சான்னு புத்தகத்துல பேராம், கருப்புச் சட்டையும் வெள்ளை வேட்டியுமா, கல்யாணத்துல மாப்ளைக்குத் தோழன் நிப்பான் பாருங்க, அந்த நெஞ்சு நிமித்தல். இதுக்கு முந்தி இருந்துச்சா இந்த வீதில? இருந்திருக்கும். ஆரு கேட்டா. நான் பொறந்ததுல இருந்து இந்த ஊர் வாயே மூடினதில்ல. நிட்டிங் மிசினு ராத்திரி பகல் பாராம ஓடற ஊரு. தொட்டில்ல போட்டு ஆட்டினாங்களோ இல்லியோ அந்த ஓட்டத்துலதான் தூங்கிப் பழகினோம். மார்ச்சு மாசம் அந்தப் புதங்கெழமை காலைல எந்திரிக்கறேன், காதுக்குள்ள என்னமோ அத்து விழுந்த மாதிரி. பூங்கொடிய எழுப்பி, காது கேக்கலைடின்னேன். நீங்க கேக்கலைங்கறது எனக்குக் கேக்குதே மாமான்னா. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, மிசின நிறுத்திட்டாங்க. ஊரே நின்னுபோச்சு. நானு எல்லாச் சத்தமும் போடுவனுங்க, ஓவர்லாக் மிசினு, பவர்லூமு, தனியார் பஸ்ஸு ஆரனு, கன்னுக்குட்டி, கோயில் பூசாரி, குக்கரு, மாமியாரு. அந்த அமைதியப் போட முடியல. முயற்சி பண்ணினேன். வாய மூடிட்டு நின்னேன், அது வெறும் நாச்சிமுத்து வாய மூடிட்டு நிக்கற மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் பொறுக்கமாட்டாம, காலைல எட்டு மணிக்கு இதே மாடில நின்னு கம்பெனிச் சங்க ஊதிவிட்டேன். உள்ளங்கையக் கூட்டி வெச்சு, அடிவயித்துல இருந்து. வீதில எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டாங்க. அந்தக் கடைசி வீட்டு வாட்ச்மேன் டிபன் கேரியரோட வாசல்ல நிக்கறாரு, மாஸ்கு போட்டு, தலை சீவி. சிரிப்பாச் சிரிச்சோம். அப்புறம் ஒருத்தரும் உள்ள போகாம அப்படியே நின்னாங்க பாருங்க, சித்த நேரம், அதுக்கப்புறம் நான் சங்கு ஊதல. சில வெளையாட்டுக்கு ஒரு தடவதான்.

வாயில்லாத ஊருல எது எதுக்கோ வாய் மொளைச்சுது. அவிநாசி ரோட்டுல நடுவால மயிலு, கோடு மாறாம, சிக்னல்ல நின்னு போவுது. ஒரு மயிலு ஏடிஎம் கண்ணாடில தன்னப் பாத்துத் தோகைய விரிச்சு நின்னுட்டு இருந்துச்சு, வரிசைல நின்ன ஆளு ஆறடி தள்ளி நிக்கறான், மயிலுக்கும் இடைவெளி விட்டு. எப்பவும் சாயமாக் கெடக்கற நொய்யல் ஆத்துல தண்ணி தண்ணிக் கலர்ல ஓடுதுன்னு பாக்கறதுக்குப் போயி ரெண்டு பேரு போலீஸ்கிட்ட அடி வாங்கினாங்க. பரவால்லீங்க, அடி வாங்கினாலும் பாத்துட்டோம்னாங்க. மேக்கால மலை தெரியுதுன்னு பூங்கொடி சொன்னா, நான் மேகம்னேன், ரெண்டு பேரும் பந்தயம் கட்டி மூணு நாள் காத்திருந்தோம், அது எடத்த விட்டு நகரல, மலைதான். கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த மலை அங்கயே இருந்திருக்குது, பாத்தீங்களா மாமான்னா. சோறு வடிக்கறப்ப, துணி மடிக்கறப்பன்னு அன்னைக்கெல்லாம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சா. கோவமா சந்தோசமான்னு கண்டுபுடிக்க முடியல. அந்தக் கொரல மட்டும் நான் இன்னும் போட்டுப் பாக்கல.

சாமியப்பன் இருந்திருந்தா இந்த மயிலு ஏடிஎம்ம வெச்சே அரைமணி நேரக் கச்சேரி பண்ணியிருப்போம். ஒட்டன்சத்திரத்துக்காரன், என் ஜோடி. இருபத்திரண்டு வருசம் மேடைல நான் ஒண்ணு போடுவேன், அவன் எதுக்க நின்னு பதிலு போடுவான். நான் சேவலுன்னா அவன் கோழி, நான் கண்டக்டருன்னா அவன் சில்லறை இல்லாத கெழவி. அவனோட வெசேசம் கொரல் இல்லீங்க, கொரல் சுமார்தான், சளி புடிச்ச மாதிரி இருக்கும். அவன் எப்ப எடுப்பான்ங்கறதுதான். நான் மூணு விடுவேன், அவன் அந்த மூணோட வாலப் புடிப்பான். ஏப்ரல்ல சக்கரை ஏறி ரெண்டே நாள்ல போயிட்டான். கொரோனா இல்ல, ஆனா போயிட்டான். இருபது பேருக்கு மேல கூடக்கூடாது, வேற மாவட்டம், இ-பாஸ் வேணும். போன்ல பட்டனத் தட்டித் தட்டி விண்ணப்பம் போட்டா, இறந்தவருக்கு என்ன ஒறவுன்னு கேக்குது. அப்பா, அம்மா, பங்காளி, என்னென்னமோ இருக்குது பட்டியல்ல. கடைசில மற்றவைன்னு ஒண்ணு, அதுல எழுதோணும். ஜோடின்னு எழுதினேன். தள்ளிட்டாங்க. மறுக்கா, எதிர்க்கொரல்னு எழுதினேன். அதையும் தள்ளிட்டாங்க. அண்ணன்னு பொய் எழுதியிருந்தாப் போயிருக்கலாம். முப்பது வருசமா அடுத்தவன் கொரல்லயே பொழைக்கறவனுக்கு அன்னைக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்த நேர்மை. அவனுக்குக் கொள்ளி வைக்கற நேரம் நான் இதே பக்கெட்டுல உக்காந்து விசிலடிச்சுட்டு இருந்தேன். அழுவறதுக்கு என்னோட சொந்தக் கொரல் எதுன்னு தேடினேன், கெடைக்கல, விசில்தான் வந்துச்சு. அவனும் நானும் மேடை ஏறும்போது குடுக்கற விசில், ஒரு நீட்டு, ரெண்டு வளைவு, கடைசில ஒரு தூக்கு. குடுத்துட்டு, பழக்க தோசம், மூணு எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூணோட வாலுல ரங்கநாயகி டிஷ் மேல இருந்து வந்துச்சு பாருங்க பதிலு. அதே நீட்டு, அதே ரெண்டு வளைவு, தூக்குல மட்டும் ஒரு சில்லறைய அள்ளிப் போட்டு. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. சாமியப்பா, கொரல் தேறியிருச்சேடான்னேன்.

அதுக்கப்புறம் நாப்பது நாள் இருக்கும். தெனமும் அஞ்சே முக்காலுக்கு நான், அது. நான் ஒண்ணு குடுத்தா அது ஒண்ணு, நான் நீட்டினா அது நீட்டும், நான் ரெண்டு குடுத்தா அது மூணு குடுக்கும், விட்டுக்குடுக்காத பிறவி. நான் நிறுத்தினாலும் அது நிறுத்தாது, அது நிறுத்தாம நான் எப்படி நிறுத்தறது, மரியாதை இல்லீங்களா. சில நாள் எட்டு மணி வரைக்கும் போவும், தோசை ஆறுதுன்னு பூங்கொடி கீழ இருந்து கத்துவா, பொழுதோட, அந்தி சாயறப்ப, வேற ஒரு ஆட்டம். எப்படி நிக்கும்ங்கறீங்க. நெஞ்சப் பொடைச்சு, வாலச் செங்குத்தாத் தூக்கி, தலையப் பின்னால சாச்சு, எனக்கு வணக்கம் வெக்கற மாதிரி. ஒரு நா பாதிப் பாட்டுல எந்திரிச்சு வந்து என் தலைய ஒரசீட்டுப் போச்சு. றெக்கை காத்து நெத்தில பட்டுச்சு. அடடா, இம்புட்டு பாசமான்னு அன்னைக்கெல்லாம் தலை குளிக்கல. கூடவே சாம்பக் கலருல ஒண்ணு வரும், பொண்டாட்டியா இருக்கோணும், நம்மாளு கச்சேரில இருக்கும்போது பக்கத்துல வந்து கிர்ருன்னு என்னமோ சொல்லும், இவன் காதுல வாங்கமாட்டான், அது போயிரும். எல்லா வீட்டுலயும் இதுதானேடா மாப்ளன்னு சொல்லிச் சிரிச்சேன். பூங்கொடிக்குப் பொறாமை. எனக்கு என்னைக்காச்சும் இப்படிப் பதிலு குடுத்திருக்கறீங்களா மாமான்னா. நீ கேள்வியவே மூணு எண்ண விடாமக் கேக்கறியே அம்மிணின்னேன். அவளும் சிரிச்சா. ரெண்டு பேரும் மாடில உக்காந்து அது பாடறதக் கேட்டுட்டே பழைய சோறு குடிச்ச நாளெல்லாம் உண்டு, இருபத்தாறு வருசத்துல அவ பக்கத்துல சும்மா உக்காந்திருந்தது அப்பத்தான். ஊரடங்கு எல்லாருக்கும் என்னமோ எடுத்துச்சு. எனக்குச் சாமியப்பன எடுத்துச்சு, மாப்ளையக் குடுத்துச்சு. வாய்விட்டுச் சொன்னா அடிக்க வருவாங்க. நொய்யலுக்கு நல்ல தண்ணி, மயிலுக்கு ரோடு, எனக்கு ஒரு எதிர்ப்பாட்டு.

மணி ஆறு அஞ்சு. கெழக்கால வெளுத்துருச்சு. ஒண்ணு குடுத்துப் பாப்போம். மெதுவா. ஒரு நீட்டு, ரெண்டு வளைவு, தூக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. காக்கா. காக்கா கணக்குல வராது. நாலு, அஞ்சு. அஞ்சு வரைக்கும் எண்ணினதே இல்ல நான், சாமியப்பன் அஞ்சு வரைக்கும் எண்ணவிட்டதே இல்ல. தொண்டை மாறிப்போச்சோ? ராத்திரி மோர் குடிச்சேன், மோரு ஆகாது. சுருதி கால் புள்ளி எறங்கியிருக்கும், இது நாச்சிமுத்து இல்ல வேற எவனோன்னு ஒதுங்கிட்டானோ. இல்ல சத்தமா? திங்கக்கெழமைல இருந்து பாதி ஆளுகளோட கம்பெனிகளத் தொறந்தாச்சு. அதோ கேக்குது பாருங்க, தூரத்துல ரூம்னு, மிசினு மறுபடியும். பஸ்ஸு ஓடுது. காத்தோட சாயப்பட்டற வாடை வந்துச்சு நேத்து. அது தான். அதேதான். சத்தம் கேட்டுப் பயந்து போயிருச்சு. மனுசன் வெளிய வந்தான், மாப்ள போயிட்டான். எவ்வளவு பொருந்தி வருது பாருங்க. பொருந்தி வரப்ப மனசு கொஞ்சம் லேசாயிருது, அதென்ன கெட்ட புத்தியோ. மாப்ள போனது சத்தத்தாலன்னா எந்தொண்டை நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம். மறுக்கா காப்பித்தூள். வாசம் இருக்குது. ஒருவேள பூனை புடிச்சிருந்தா? சீ. மாப்ளையப் பூனை புடிக்குமா, அம்புட்டு உசாரு. ஆனா பாடும்போது அவனுக்குச் சுத்துமுத்தும் தெரியாதே, என்னை மட்டும்தான பாத்துட்டு இருப்பான். வேண்டாம், பூனைய நெனைக்காத. சத்தம்தான். பஸ்ஸு ஆரன்தான்.

பூங்கொடி காப்பியோட மேல வந்துட்டா. வந்ததும் வராததுமா டிஷ்ஷப் பாத்தா, என்னப் பாத்தா, போனத் தட்டிப் பாத்தா. இருநூத்திப் பத்துப் பேரு இப்பவே காத்துட்டு இருக்காங்களாம். பக்கத்துல வந்து காதோட சொல்றா. "நீங்களே ரெண்டையும் போட்டுருங்க மாமா. போன்ல உங்க மூஞ்சிதான தெரியும், ஆருக்குத் தெரியப் போவுது." அவளும் எத்தன வருசம் என்கூடக் குப்ப கொட்டியிருக்கறா, அதே புத்தி. நானும் அதைத்தான் நேத்து ராத்திரியெல்லாம் நெனச்சுட்டுக் கெடந்தேன். சுலபம். இந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு, வாய மூடின மாதிரி வெச்சுட்டுத் தொண்டைக்குள்ள இருந்து தூரமா ஒண்ணு, அந்தக் கடைசிச் சில்லறையோட. மாப்ள தன்னப் போடறத விட நான் அவன நல்லாப் போடுவேன். மஸ்கட்டு சனமே கண்ணத் தொடைக்கும். ஆனா ஒண்ணு இடிக்குது. நானே கேட்டு நானே பதில் சொன்னா, நடுவுல விடற அந்த மூணுக்கு என்ன மதிப்பு? வருமோ வராதோன்னு உசுரக் கையில புடிச்சுட்டு விட்டாத்தான் அது மூணு. இல்லீன்னா வெறும் எண்ணிக்கை. சாமியப்பனோட எடத்துல நானே ஏறி நின்னுக்கற மாதிரி. அவன் செத்ததுக்குப் போகாதவன் அவன் எடத்துல நிக்கறதா? முடியாதுடி, வரலைன்னு சொல்லிரலாம்னேன். அவ சேலைத் தலைப்புல என் நெத்தி வேர்வையத் தொடச்சுவிட்டா. பக்கத்து மாடில ரங்கநாயகி ஈரத்துணியோட வந்து நிக்கறா. கம்பெனில செக்கிங்கு வேல அவளுக்கு, ரெண்டரை மாசமா வேலையில்லாம எங்கள மாதிரியே மாடிலதான் இருந்தா, இன்னிக்கு மொத நாளு போறா போலிருக்குது, மாஸ்கும் சாப்பாட்டுப் பையுமா, கம்பெனி பஸ்ஸு வரதுக்குள்ள துணியக் காயப்போட்டறலாம்னு. போன வாரம்கூட ஏனுங்ணான்னு ரெண்டு தடவ கூப்புட்டுட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. வீடியோவுல அவ வீட்டு டிஷ் வந்துச்சே, அவ மூஞ்சி வரலைங்கற வருத்தமா இருக்கும்னு பூங்கொடி சொன்னா. அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டேன். இன்னிக்கு ஓரமா வெச்சு அவளையும் காட்டிறலாம். பூங்கொடி விரல நீட்டி எண்ணறா. ஆறரை.

வணக்கமுங்க, வெடியால பல்லுகூட வெளக்காம எதுக்குக் காத்துட்டு இருக்கறீங்கன்னு தெரியுமுங்கன்னு ஆரம்பிச்சேன், சிரிப்பு மூஞ்சி மஞ்சளா மஞ்சளா மேல ஏறுது திரைல. சித்த பொறுங்க. விசில் குடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. வரல. மறுக்கா குடுத்தேன். வரல. வராதுங்கன்னேன், சிரிப்ப எடுத்துட்டு, வெறும் நாச்சிமுத்து கொரல்ல, அப்படி ஒரு கொரல் எனக்கு இருக்குதுன்னு அப்பத்தான் எனக்கே தெரியும். ஏன் வராது? கேளுங்கன்னுட்டு மெதுவா நிட்டிங் மிசின எடுத்தேன் அடித்தொண்டைல. அது மேல தறி. அது மேல லாரி ரிவர்ஸ் எடுக்கறது. அது மேல தனியார் பஸ்ஸு ஆரன், மூணு வளைவோட. எல்லாத்துக்கும் அடில மாப்ளையோட விசில், சின்னதா, இன்னும் சின்னதா, அதுமேல கம்பெனிச் சங்கு. ஊதி ஊதி உச்சிக்குக் கொண்டுபோயி, டக்குன்னு வெட்டினேன். மூச்சு விடல. அதா வாய மூடிக்கலீங்க, நம்ம சத்தத்தால நாம மூட வெச்சோம்னேன். ரெண்டரை மாசம் நாம சும்மா இருந்தோம், அது வந்துச்சு, பேசுச்சு, நாம மறுபடியும் ஆரம்பிச்சோம், போயிருச்சுன்னேன். திரைல சிரிப்பு மூஞ்சி நின்னு அழுவாச்சி மூஞ்சியா ஏறுது, எண்ணூறு பேரு, பூங்கொடி கண்ணுல தண்ணி, என் கண்ணுலயும். ஆனா உள்ளுக்குள்ள ஒருத்தன் குந்தவெச்சு உக்காந்து தாளம் போடறான், நல்லா வந்துச்சுடா நாச்சி, பொய் சொல்லாமயே வந்துச்சு பாத்தியா, மாப்ள இல்லாமயே மாப்ளைக்கு மரியாதை பண்ணிட்டங்கறான். இனி கடைசி வரி ஒண்ணுதான். அதுக்கு முந்தி ஒரு இடைவெளி விடோணும், எம்பொழப்புலயே பெருசா, ஊரே காதக் குடுத்துக் கேக்கற மாதிரி. விட்டேன். ஒண்ணு. அந்தப் பக்க மாடில துணி ஒதறற சத்தம் நின்னுச்சு. ரெண்டு. காக்காகூடக் கத்தல. மூணோட வாலப் புடிச்ச மாதிரி ரங்கநாயகியோட கொரல் வந்து விழுந்துச்சு.

"ஏனுங்ணா, பஸ்ஸு மேலயும் கம்பெனி மேலயும் எதுக்குப் பழியப் போடறீங்க. கம்பெனி தொறந்து ரெண்டு நாளுதான் ஆச்சு, அது போயி நாலு நாளாச்சு. எங்க ஒடஞ்ச தண்ணிப் பைப்புக்குள்ள கூடு வெச்சு மூணு குஞ்சு இருந்துச்சு, மூணும் வத்திப்போய்ச் செத்துருச்சு, நாந்தான் எடுத்துப் பொதைச்சேன். அது உங்ககிட்டப் பேசலீங்ணா. வேற ஒரு ஆம்பளக் குருவி தன்னோட எடத்துல வந்து நின்னுட்டுதுன்னு உங்கள வெரட்டிட்டு இருந்துச்சு. குஞ்சுக்குப் புழுவக் கவ்வீட்டு வரும், நீங்க விசிலடிச்சதும் அதக் கீழ போட்டுட்டு டிஷ் மேல ஏறி நின்னுக்கும். நீங்க நிறுத்தினாத்தானுங்ணா அது நிறுத்தும்."